எடைக்குப் போன புலியாசனம்

பொன்னும் தந்தமும் – பகுதி 9

சென்ற வாரம் இஸ்தான்புல்லில் நிறுத்தினோம். மைசூரிலிருந்து 1786இல் கப்பலேறிய திப்பு சுல்தானின் தூதர்கள் மஸ்கட், பஸ்ரா, பாக்தாத் என்று அலைந்து, 1787 நவம்பரில் உதுமானியச் சுல்தான் முதலாம் அப்துல் ஹமீதின் எதிரில் போய் நின்றார்கள். கிளம்பும்போது சுமார் 900 பேர். பிளேக்கும் குளிரும் கடலும் எடுத்துக்கொண்டது போக, ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். பரிசாகக் கொண்டுபோன யானைகளும் வழியிலேயே செத்துப்போயின.

திப்பு கேட்ட படை உதவி கிடைக்கவில்லை. கிடைத்தது மரியாதை. தனியரசராக விளங்க ஒப்புதல், மரியாதை அங்கிகள், ரத்தினம் பதித்த ஒரு வாள், ஒரு கேடயம்.

அதே காலத்தில் ஸ்ரீரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் பொற்கொல்லர்களும் தச்சர்களும் கல் பதிப்பவர்களும் சேர்ந்து ஓர் ஆசனத்தைச் செய்துகொண்டிருந்தார்கள்.

இந்த வாரக் கதை அந்த ஆசனத்தின் சாவு.

* * *

முதலில் அது எப்படி இருந்தது என்று பார்த்துவிடுவோம். முழுதாக இருந்தபோது பார்த்த ஆங்கில அதிகாரிகள் எழுதிவைத்த விவரமும் வரைந்துவைத்த படங்களும் இருக்கின்றன. ஆகவே கற்பனைக்கு வேலை குறைவு.

எட்டுப் பட்டையாக ஒரு மேடை. பார்வைக்கு யானை மேல் வைக்கும் அம்பாரி மாதிரி. அதைத் தாங்கி நின்றது மரத்தில் செய்த ஒரு புலி, நிஜப் புலியின் அளவு. மேலே விதானம், அதன் ஓரமெல்லாம் முத்துக் குஞ்சம். விதானத்தின் உச்சியில் ஹுமா என்ற பறவை, பொன்னும் மணியுமாக. ஹுமா தரையில் இறங்காத பறவை என்பது பாரசீக மரபு. அதன் நிழல் யார் தலையில் விழுகிறதோ அவன் அரசனாவான் என்பதும் அந்த மரபுதான். விதானத்தின் மேல் அதை வைத்தால், கீழே உட்காருகிறவர் தலைமேல் எப்போதும் நிழல் இருக்கும். கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

மரவேலை முழுவதையும் பொன் தகடு மூடியிருந்தது. தகட்டின் பருமன் ஒரு கினி நாணயத்தின் பருமன் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். தகட்டை மரத்தோடு பிடித்திருந்தவை வெள்ளி ஆணிகள். தகடு முழுக்கப் புலிவரி: உளியால் பள்ளம் வாங்கி, மேட்டை மெருகேற்றி, வெளிச்சம் பட்டால் வரிகள் அசைவது போலத் தெரியும்படி. பக்கங்களில் அரபு வாசகங்கள், பெரும்பாலும் குர்ஆனிலிருந்து எடுத்தவை, பொன்னிலேயே புடைப்பாக எழும்பி நின்றன.

புலித்தலைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய தலைக்குக் கண்ணும் பல்லும் படிகக் கல். கைப்பிடியைச் சுற்றி நின்ற சின்னத் தலைகள் எட்டு. ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும். அவற்றில் மாணிக்கம், வைரம், மரகதம். பதித்த முறை குந்தன். பொன்னை மிகத் தூய்மையாக்கி, மெல்லிய தகடாக அடித்து, கல்லைச் சுற்றி அழுத்திக்கொண்டே போவார்கள். நெருப்புக் காட்டாமலே பொன்னோடு பொன் ஒட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் அரக்கு. அரக்குதான் வடிவத்தைத் தாங்கும், கல்லையும் பிடித்துக்கொள்ளும்.

அரக்கு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். எடை போடுகிறவனுக்கு அது பிடிக்காது.

* * *

இந்த வேலையை உதுமானிய அரண்மனை வேலையோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. இந்தத் தொடரில் தோப்காபி அரண்மனைப் பட்டறைகளில் பல வாரம் இருந்துவிட்டோம்: சம்பளப் பதிவேட்டில் பெயர் எழுதி வேலை வாங்கப்பட்ட பொற்கொல்லர்கள், தந்தம் செதுக்குபவர்கள், வாளில் பொன்னிழைப்பவர்கள். இளவரசனாக இருந்தபோது தானே பொன்வேலை கற்றுக்கொண்ட சுல்தான் சுலைமான். அவருக்காக 1526–27இல் அகமது தெக்கேலு செய்த யத்தகான் வாள், தந்தப்பிடியும் பொன்னால் எழும்பி நிற்கும் டிராகனும் பறவையுமாக.

பொதுவாகச் சொன்னால், உதுமானியக் கைவினைஞன் பரப்பை நிரப்புகிறவன். கொடி, இலை, மேகம், எழுத்து என்று கண்ணுக்கு ஓய்வே தராத நிரப்பு. மைசூர்க்காரன் ஒரே ஒரு உருவத்தை எடுத்துக்கொண்டு அதிலேயே நின்றுவிட்டான். ஆசனத்தில் புலி, துப்பாக்கியின் வாயில் புலி, பீரங்கியில் புலி, காவலாளியின் சட்டையில் புலிவரி. எனக்கு இந்தப் பிடிவாதம் பிடிக்கிறது. அழகில் தோப்காபி ஒரு படி மேல் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் இருநூறு ஆண்டு கழித்தும் ஒரு துண்டைப் பார்த்தவுடனே இது யாருடையது என்று சொல்லிவிட முடிகிறதே, அந்தத் திறமை வேறு.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தோப்காபியில் இன்றைக்கும் ஓர் இந்தியச் சிம்மாசனம் இருக்கிறது. எனாமலும் முத்தும் மணியும் பதித்தது. பாரசீகத்தின் நாதிர் ஷா 1739இல் டில்லியைச் சூறையாடியவர். அவர் உதுமானியச் சுல்தான் முதலாம் மஹ்மூதுக்கு அனுப்பிய பரிசு அது. பதிலுக்கு இஸ்தான்புல்லிலிருந்து ஒரு குத்துவாள் கிளம்பியது. பிடியில் மூன்று பெரிய மரகதம், தலையில் மூடிக்குள் ஒரு கடிகாரம். போகிற வழியில் செய்தி வந்தது: 1747இல் நாதிர் ஷாவை அவருடைய ஆட்களே கொன்றுவிட்டார்கள். குத்துவாளைத் தூக்கிக்கொண்டு தூதர்கள் திரும்பிவிட்டார்கள். சிம்மாசனம் போய்ச் சேர்ந்தது.

விளைவு, கொடுத்ததும் வாங்கியதும் இரண்டுமே இன்று ஒரே அரண்மனையில் முழுசாக இருக்கின்றன.

மைசூர்ப் புலியாசனத்துக்கு அந்த யோகம் இல்லை.

* * *

ஆங்கிலேயரை ஜெயிக்கும்வரை அதில் ஏறமாட்டேன் என்று திப்பு சபதம் செய்ததாகச் சொல்வார்கள். ஏறவே இல்லை என்பதுதான் அன்றிலிருந்து வழங்கும் பேச்சு.

ஏறும் நாள் நெருங்குவதற்குப் பதிலாக விலகிப் போனது. 1792இல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டினத்தை முற்றுகையிட்டார். பாதி நாடு போனது. 3 கோடியே 30 லட்ச ரூபாய் தண்டம். பணம் கட்டி முடிக்கும்வரை திப்புவின் இரண்டு மகன்கள் பணயம். சின்னப் பிள்ளைகள். அவர்களைச் சென்னைக்குக் கூட்டிவந்து வைத்திருந்தார்கள். திரும்பிப் போனது 1794இல்.

திப்புவுக்கும் நம் பக்கம் புதிதல்ல. 1767இல், பதினேழு வயதுகூட நிரம்பாத பையனாக, குதிரைப்படையோடு சென்னையின் வாசல்வரை வந்து, வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகளைச் சூறையாடிவிட்டுப் போனவர். 1769இல் அவருடைய அப்பா ஹைதர் அலி பரங்கிமலைக்கே வந்து நின்று, கோட்டைக்காரர்களிடம் உடன்படிக்கை எழுதி வாங்கினார். பல்லாவரத்திலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரம்.

1780இல் ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோ பரங்கிமலையில்தான் படை திரட்டினார். காஞ்சிபுரம் போனார். பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை செப்டம்பர் 10 அன்று ஹைதரிடமும் திப்புவிடமும் சிக்கி அழிந்தது. மன்றோ உதவிக்குப் போகவில்லை. பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பின்வாங்கி, சைதாப்பேட்டை மர்மலாங் பாலம் பக்கம் வந்து மூச்சுவிட்டார். இன்றைக்கு ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம், பல்லாவரம் என்று பஸ் நடத்துனர் கூவுகிற அதே திசையில் ஓடிவந்த ஓட்டம் அது.

புள்ளலூரில் பிடிபட்டவர்களில் ஓர் இளம் கேப்டன், டேவிட் பெயர்ட். காலில் விலங்கோடு மூன்றரை ஆண்டுக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டினச் சிறையில் கிடந்தார். அந்தப் பெயர் இன்னும் சில பத்திகளில் திரும்பி வரும்.

* * *

1799 ஜனவரி. சென்னை ஜார்ஜ் கோட்டை.

கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லி கல்கத்தாவிலிருந்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். போர் நடத்த வந்தவர். அவர் கையில் ஒரு கடிதம். எழுதியவர் துருக்கிச் சுல்தான் மூன்றாம் செலீம். பெற வேண்டியவர் திப்பு.

கடிதத்தின் சாரம்: பிரெஞ்சுக்காரன் என் நாட்டு எகிப்தில் புகுந்துவிட்டான்; அவனோடு சேராதே; ஆங்கிலேயரோடு உனக்கு மனக்கசப்பு இருந்தால் நான் தீர்த்துவைக்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுக்கு முன் 900 பேரை அனுப்பி யாரிடம் ஒப்புதல் வாங்கினாரோ, அந்தப் பீடத்திலிருந்து வந்த கடிதம். கொண்டுவந்து தருபவன் எதிரி. நெப்போலியன் 1798 ஜூலையில் எகிப்தில் இறங்கியது ஸ்ரீரங்கப்பட்டினத்தின் தலையெழுத்தை இப்படிச் சுற்றி வளைத்து மாற்றியது. துருக்கிக்கு ஆங்கிலேயன் நண்பனாகிவிட்டான், திப்பு தனியாளானார்.

திப்பு மரியாதையாகப் பதில் எழுதினார். அது போய்ச் சேர்ந்து ஒரு பயனும் விளையுமுன் ஜெனரல் ஹாரிஸின் படை பிப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்டுவிட்டது.

* * *

மே 4. பகல் ஒரு மணி.

காவிரியில் தண்ணீர் குறைந்திருந்த கோடை. மதில் உடைந்த இடத்தை நோக்கி ஆற்றுப் பாறைகள் மேல் ஓடிய தாக்குதல் படைக்குத் தலைவர் டேவிட் பெயர்ட். கேட்டு வாங்கிய வேலை. விலங்கு மாட்டிய ஊருக்குள் வாளோடு நுழைந்தார்.

மாலைக்குள் எல்லாம் முடிந்தது. நீர்வாசல் பக்கம் பிணங்களின் குவியலில், விளக்கு வெளிச்சத்தில், திப்புவின் உடலைக் கண்டெடுத்தார்கள்.

அன்று இரவு ஊர் கொள்ளை போனது. வீடு வீடாக. மறுநாள் ஆர்தர் வெல்லெஸ்லி, கவர்னர் ஜெனரலின் தம்பி, பொறுப்பேற்று நான்கு பேரைத் தூக்கில் போட்ட பிறகுதான் அடங்கியது.

ஆனால் அரண்மனைப் பொருளின் கதை வேறு. அதற்குக் காவல் போட்டாகிவிட்டது. அங்கே நடக்க வேண்டியது முறைப்படி, ரசீதோடு நடக்கும்.

* * *

முறை என்னவென்று கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். கதையின் குடுமி இங்கேதான் இருக்கிறது.

தாக்கிப் பிடித்த கோட்டையில் இருக்கும் செல்வம் பிடித்த படைக்குச் சொந்தம். இதற்குக் கொள்ளைப் பங்கு என்று கணக்கு உண்டு. படைக்குள்ளேயே சில அதிகாரிகளைப் பங்கு முகவர்களாக நியமிப்பார்கள். அவர்கள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, மதிப்புப் போட்டு, ஏலம் விட்டுப் பணமாக்கி, தளபதி முதல் சிப்பாய் வரை பதவிக்கேற்ப வீதம் பிரித்துக் கொடுக்க வேண்டும். தளபதி பங்கு லட்சத்தில் போகும். சிப்பாயின் பங்கு சில பவுண்டு.

பணம், நகை, கல், பட்டு: இவற்றைப் பிரிக்கலாம். ஒரு புலியாசனத்தை எப்படிப் பிரிப்பது?

முழுசாக ஏலம் விடலாம். வாங்க ஆள் வேண்டும். முழு ஆசனத்துக்கும் விலை கொடுக்கும் அளவுக்குக் கையில் பணம் வைத்திருப்பவர் எளிதில் கிடைக்கமாட்டார். காத்திருக்கலாம், ஆனால் பின்னால் ஒரு படையே பங்குக்காகக் கைநீட்டி நிற்கிறது. முகவர்கள் முடிவெடுத்தார்கள்: உடைத்துவிடுவோம்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டிரங்க் ரோட்டு ஓரம் குந்தி உட்கார்ந்து பித்தளைச் சாமான் விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், இந்தத் தர்க்கத்தை ஒரே வரியில் சொல்வார். குத்துவிளக்குக்கு இரண்டு விலை. வேலைப்பாட்டைப் பார்த்து வாங்குகிறவர் வந்தால் ஒரு விலை. மாலைவரை அவர் வரவில்லையென்றால் கிலோ கணக்கு. அந்த இரண்டாவது விலையில் அன்னமும் இல்லை, திரி வைக்கும் இதழும் இல்லை, உலோகம் மட்டும்தான்.

1799 மே மாதத்தில் புலியாசனத்துக்கு அந்த மாலைதான் வந்தது.

* * *

வெள்ளி ஆணிகளைப் பிடுங்கினார்கள். புலிவரித் தகடு மரத்தைவிட்டு உரிந்தது. வரிகளின் மேல் வெட்டு விழுந்தது; புடைப்பு எழுத்து நடுவில் துண்டானது. தகடு துண்டு துண்டாக ஏலம் போனது. வாங்கியவர்களில் பலர் அதை உருக்கித்தான் இருப்பார்கள். தூய பொன் தகட்டைப் பெட்டிக்குள் வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள்?

தப்பித்தவை எவை என்று பாருங்கள், ஒரு ஒழுங்கு தெரியும். ஹுமா பறவை தப்பித்தது. படிகப் பல் வைத்த பெரிய புலித்தலை தப்பித்தது. சின்னப் புலித்தலைகளில் சில தப்பித்தன. எல்லாம் தனியாகக் கழற்றக் கூடியவை, ஒரு கையில் கொடுக்கக் கூடியவை. அரக்கும் கல்லும் சேர்ந்திருந்ததால் உருக்கினால் நஷ்டம், அப்படியே வைத்தால் லாபம். எடைக்காரனுக்குப் பிடிக்காத அரக்கு இங்கே காவல் தெய்வமானது.

திப்புவின் படுக்கையறை வாளும் அப்படித்தான். படை அதை ஏலத்தில் விடாமல் பெயர்டுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டது. ஒருவர் கைக்குப் போனதால் முழுசாக இருந்தது. 2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் அது 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது.

ஆசனத்தை உடைத்தது திப்பு மேல் இருந்த வெறுப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வெறுப்பு இருந்திருந்தால் அதை லண்டனுக்குத் தூக்கிப்போய் வீதியில் இழுத்திருப்பார்கள், முழுசாக. மனிதனைப் புலி கடிக்கும் மரப்பொம்மையை அப்படித்தான் செய்தார்கள்: இசை மண்டபத்தில் கிடைத்த அந்தப் பொம்மையைக் கப்பலேற்றி, கிழக்கிந்தியக் கம்பெனித் தலைமையகத்தில் வைத்து, ஊரே வந்து கைப்பிடியைச் சுற்றி உறுமல் கேட்கும்படி விட்டார்கள். மரத்தைப் பங்கு போட முடியாது என்பதால் மரப்புலி பிழைத்தது. பொற்புலியைக் கொன்றது பங்குக் கணக்கு.

* * *

இதில் வேடிக்கை, அதிகம் வருத்தப்பட்டவர் வெல்லெஸ்லிதான். சிம்மாசனத்தை முழுசாக இங்கிலாந்து மன்னருக்கு அனுப்பியிருக்கலாமே என்று சில மாதம் கழித்துக் கம்பெனி இயக்குநர்களுக்கு எழுதினார். அப்படி ஒரு வெற்றிச் சின்னம் இருப்பதே தனக்குத் தெரியுமுன் பங்கு முகவர்களின் அவசரம் அதைத் துண்டாக்கிவிட்டது என்பது அவர் புகார்.

சென்னையில் உட்கார்ந்திருந்தவருக்குச் செய்தி குதிரையில் வர வேண்டும். உளி அதைவிட வேகம்.

கிடைத்ததை அனுப்பினார். ஹுமா பறவை மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் போனது. பெரிய புலித்தலை கம்பெனி வசம் இருந்துவிட்டு 1831இல் நான்காம் வில்லியம் கைக்குப் போனது. இரண்டும் இன்று பிரிட்டிஷ் அரச சேகரிப்பில்.

ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு என்ன மிஞ்சியது? கும்பஸில், ஹைதரும் திப்புவும் அடங்கியிருக்கும் கல்லறை மண்டபத்தில், கருங்காலி மரத்தில் தந்தம் இழைத்த கதவுகள் இருக்கின்றன. போனால் நின்று பாருங்கள்; வெள்ளைக் கொடியும் பூவும் கறுப்பு மரத்தில் நீரோட்டமாகப் போகும். கொடுத்தவர் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி. ஆசனத்தை உடைத்த கம்பெனி, அரை நூற்றாண்டு கழித்து, கல்லறைக்குக் கதவு செய்து போட்டது. பெருந்தன்மையா, சுற்றுலா நாகரிகமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

* * *

எட்டுச் சின்னத் தலைகளுக்கு வருவோம்.

ஒன்று வேல்ஸ் நாட்டுப் பொவிஸ் கோட்டையில் இருக்கிறது. அங்கே போன வழி நம் ஊர் வழி: 1799இல் சென்னையின் ஆளுநர் எட்வர்ட் கிளைவ், அவருடைய மனைவி ஹென்ரியட்டா கிளைவ். இன்னொன்று இங்கிலாந்தின் வடகோடியில் ஒரு மாளிகையில், பளிங்குப் பீடத்தில் உட்கார்ந்தபடி, 2009வரை வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது. 2021இல் அதன் மதிப்பு 15 லட்சம் பவுண்டு என்று சொல்லி, நாட்டைவிட்டு வெளியே போகாமல் பிரிட்டிஷ் அரசு தற்காலிகத் தடை போட்டது. 2010இலும் ஒரு தலை ஏலத்துக்கு வந்தது.

மற்றவை?

1800 மார்ச்சில் ஹென்ரியட்டா சென்னையிலிருந்து தன் இரண்டு பெண்களோடும், ஆன்னா தொனெல்லி என்ற இத்தாலிய ஓவியரோடும், யானையும் பல்லக்குமாகக் கிளம்பினார். ஆகஸ்டில் ஸ்ரீரங்கப்பட்டினம். உடைந்துபோன ஆசனத்தை, அதில் திப்பு அமர்ந்திருப்பதாகவே, தொனெல்லி அந்த ஆண்டு வரைந்தார். அந்தப் படத்தில் புலித்தலைகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

மற்றத் தலைகளை எந்த அதிகாரி, எந்தச் சிப்பாய், எந்த விலைக்கு எடுத்தான்? அவற்றில் ஏதாவது ஒன்று கப்பலேறாமல் இந்த மாகாணத்திலேயே தங்கிவிட்டதா?